அரம் போட்ட ஓரம்

என்னிடம் நாற்பத்தொரு கல் முத்திரைகள் இருக்கின்றன. சீனத்துக் கல், சைகோன் கல், ஜப்பான் கல் என்று எல்லாம் கலந்து கிடக்கும். தலையில் சிங்கம், ஆமை, வௌவால். சிலதுக்கு மொட்டைத் தலை. அடியில் எழுத்து. அந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்குப் படிக்கத் தெரியாது. அதற்கென்ன இப்போது? மல்லிப்பூ வாங்குகிறவளிடம் யாராவது தாவரவியல் பட்டம் கேட்கிறார்களா?

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதை வைத்துத்தான் எல்லோரும் என்னை மடக்கப் பார்த்தார்கள்.

கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு ரப்பர் ஸ்டாம்ப் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம், அவ்வளவுதான். முப்பது வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் ஈய எழுத்தைக் கோத்து, அச்சு எடுத்து, ரப்பரைச் சூடுபண்ணி அழுத்துவேன். இப்போது தட்டாஞ்சாவடிப் பட்டறையில் வாங்கிய மெஷின் லேசரில் வெட்டித் தருகிறது. மெஷின் வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, முதுகுவலிதான் போனது. பழைய பழக்கத்தில் மிஞ்சியது ஒன்றுதான்: இடவலம் மாறிய எழுத்தை நேரெழுத்து போலவே படிப்பேன்.

கல் பொறுக்க ஆரம்பித்தது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். காந்தி வீதியில் நைட்டிக் குவியல்களைத் தாண்டிப் போனால் பழைய சாமான்காரர்கள் தார்ப்பாய் விரித்திருப்பார்கள். பித்தளைக் குழாய், முள் ஓடாத கடிகாரம், காது போன காபிக் கோப்பை. நடுவில் விரல் உயரத்துக்கு ஒரு கல், தலையில் சிங்கம்.

"பேப்பர் வெயிட்டு அக்கா, எடுத்துக்க" என்றான் கடைக்காரன்.

வேறு யாராவது எடுத்திருந்தால் சிங்கத்தைப் பார்த்திருப்பார்கள். நான் திருப்பி அடியைப் பார்த்தேன், தொழில் புத்தி. நாலு எழுத்து, சுற்றி ஒரு பார்டர். "அடப்பாவி, இது சீலுடா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். கல் மாக்கல் சட்டி மாதிரி வழவழவென்று கைக்குள் உட்கார்ந்தது. கடைக்குக் கொண்டுபோய், ஊதா மையில் ஒற்றி, பில் புத்தகத்தின் பின்னட்டையில் அடித்துப் பார்த்தேன். எந்த ஊரிலோ ஒருவன் என்னைப் போலவே குனிந்து உட்கார்ந்து, எழுத்தைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்கிறான். அன்றைக்கு எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இந்த ஊருக்கு இந்தக் கல் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போன சொல்தாக்கள், அதாவது சிப்பாய்கள், நிறையப் பேர் இருந்த ஊர் இது. திரும்பி வந்தபோது டிரங்குப் பெட்டியில் பட்டும் பீங்கானும் கொண்டுவந்தார்கள், சிலர் பெண்டாட்டியும் கொண்டுவந்தார்கள். அந்தப் பெட்டிகளின் அடியில் உருண்டு கிடந்த கற்கள்தான் இவை. என்னவென்றே தெரியாமல் மூன்று தலைமுறை வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் சந்தனம் இழைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் பூஜை அலமாரியில் பொட்டு வைத்து மாலை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அடியில் சிவப்பாகச் சாந்து ஒட்டியிருந்ததாம். யாரோ குங்குமம் வைத்துக் கும்பிட்ட நரசிம்மர் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அதை மட்டும் நான் கேட்கவில்லை. சிங்கம் அங்கேயே சௌக்கியமாக இருக்கட்டும்.

முதலியார்பேட்டை வீட்டில் கீழே தம்பி குடும்பம், மாடியில் நானும் கற்களும். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் கேட்டுக் கேட்டு ஊர் ஓய்ந்துபோன சமயத்தில் கற்கள் வந்து சேர்ந்தன. புதிதாகக் கேள்வி ஆரம்பித்தது.

"ஊர்ல பொம்பளைங்க பொடவை சேக்குது, நகை சேக்குது. நீ இன்னாக்கா, கல்லு சேக்கற?" என்பான் தம்பி.

"என் தலை கேக்கறத நான் சேக்கறேன். உன் தலை ஏதாச்சும் கேட்டா சொல்லு, பாக்கலாம்" என்பேன். அவன் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

இனி மதாமைப் பற்றிச் சொல்ல வேண்டும்; பிரெஞ்சு வழக்கப்படி பெரிய மனுஷியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். பிள்ளைகள் பிரான்சில், இவர் இங்கே தனியாக. எழுபத்தைந்து தாண்டிவிட்டது, ஆனால் கவுனும் தொப்பியும் போட்டுக்கொண்டு குடையை ஊன்றி நடந்தே வருவார். கடிதங்களுக்கு விலாச ஸ்டாம்ப் செய்ய முதலில் வந்தவர், என் மேஜை மேல் இருந்த கல் வரிசையைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் கைக்குட்டையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

தேன் நிறத்துக் கல். தலையில் உருவம் எதுவும் இல்லை. பிடித்துப் பிடித்து மூலைகள் மழுங்கியிருந்தன.

"எங்கம்மாவோடது" என்றார். "சைகோன்ல பொறந்தவங்க. நாலு வயசுல என்னைத் தூக்கிகினு கப்பல்ல வந்தாங்க. எனக்கு ஆறு வயசுல போய்ச் சேந்துட்டாங்க. இதை சிவப்புல தொட்டு என் மணிக்கட்டுல அடிப்பாங்க. அழிஞ்சிடும்னு நான் குளிக்க மாட்டேன்னு அழுவேன். அது மட்டும்தாம்மா ஞாபகம் இருக்குது."

"இதுல இன்னா எழுதியிருக்கு மதாம்?"

"அவங்க பேரா இருக்கும்னு நெனைக்கிறேன்" என்றவர், சற்று நேரம் குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். "எனக்கு எங்கம்மா பேர் தெரியாதும்மா."

அந்தம்மாவுக்குக் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் கொடுத்து ஒரு புனிதையின் பேரை வைத்தார்களாம். காகிதத்தில் எல்லாம் அந்தப் பேர்தான். தெருவில் 'சைகோன்காரி'. கல்லறையில் பிரெஞ்சில் 'இன்னாரின் மனைவி', அவ்வளவுதான். அப்பா கடைசிவரை பழைய பேரை வாயால் சொல்லவில்லை. பெற்ற தாய்க்குப் பேர் இல்லை என்றால் மகள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

"ஓரமெல்லாம் ஒடைஞ்சிருக்குது பாரு, சரிபண்ணித் தர்றியா? அப்புறம் நீயே வச்சிக்கோ. எனக்கு அப்புறம் இதை எடுத்துப் பாக்க யாரும் இல்ல. எப்பவாச்சும் யாராச்சும் படிச்சாங்கன்னா எனக்கு வந்து சொல்லு. சீக்கிரம் சொல்லு, எனக்கும் நேரம் ஆவுது."

என் தொழிலில் ஓரம் உடைந்த சீல் செத்த சீல். பார்டர் ஒரு பக்கம் விட்டுப்போனாலும் பத்திர ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஊறிப்போன பாடம் அது. அன்றைக்கே பொடி அரத்தை எடுத்து ஒரு பக்கத்து ஓரத்தை நூல் பிடித்த மாதிரி நேராக்கினேன். அடுத்த பக்கம் திருப்பும்போது அரம் வழுக்கி எழுத்துக்கு மிக அருகில் போய் நின்றது. அதோடு அரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு படிக்க ஆள் தேடினேன். தம்பி மகள் போனைக் காட்டினாள். ஒருமுறை 'சூப் கடை' என்றது, ஒருமுறை 'மலைக்குப் பின்னால் மழை' என்றது, மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. முத்திரைக்கென்று பழைய காலத்து எழுத்து ஒன்று இருக்கிறது, அது போனுக்கு அத்தனை சுலபத்தில் பிடிபடுவதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு சார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பித்துக் குடிவந்தவர், நம் தமிழர்தான். இருபது வருஷம் சீன தேசத்துப் பக்கம் வேலை பார்த்தவர், எழுத்தும் பேச்சும் தண்ணீர்பட்ட பாடு. தன் புத்தகங்களில் அடிக்க ஸ்டாம்ப் செய்ய வந்தவர் மேஜையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்தார். "இது 'நீண்ட ஆயுள்'. இது 'சந்தோஷம்'. இது டூரிஸ்ட் சாமான். இதுவும் டூரிஸ்ட் சாமான்." எனக்குக் கோபம் வரவில்லை. 'சந்தோஷம்' என்று எழுதியிருந்தால் அதில் என்ன குறைச்சல்?

தேன் நிறக் கல்லை எடுத்ததும் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். முகம் சிவந்தது.

"யாரு இதுல அரம் போட்டது?"

"நான்தான் சார். ஓரம் ஒடைஞ்சிருந்துச்சு."

"ஒடைஞ்சிருந்துச்சா? வெட்டினவனே கத்திப் பிடியால தட்டித் தட்டி ஒடைச்ச ஓரம்மா அது! அப்பதான் அந்த எழுத்துக்கு மூச்சு வரும். நீங்க அதை ஆபீஸ் சீல் ஆக்கிட்டீங்க!"

சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குக் காது மடல் வரை எரிந்தது. முப்பது வருஷமாக எவனும் என் வேலையில் குறை சொன்னதில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை என்று உடனே புரிந்துவிட்டது; மற்ற மூன்று பக்கமும் உயிரோடு இருந்தன, நான் தொட்ட பக்கம் மட்டும் கோடு போட்ட நோட்டு மாதிரி கிடந்தது. வெட்கமாக இருந்தது.

"தப்புதான் சார். இதுல இன்னா பேர் எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. ஒரு வயசானவங்க காத்துகினு இருக்காங்க."

அவர் கல்லை மேஜை மேல் வைக்கவில்லை. உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தன் வீட்டுக் கூடத்தில் ஆசிய முத்திரைகளுக்கென்று கண்ணாடி அலமாரி செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். "இது அங்க இருக்கவேண்டியதும்மா. உங்ககிட்ட இருந்தா அடுத்து எதுக்கு அரம் போடுவீங்களோ. படிக்கத் தெரியாதவங்க கையில இது எதுக்கு? கல்லைக் குடுங்க, பேரைச் சொல்றேன்."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா பேர் தெரியாமல் ஒருத்தி எழுபது வருஷம் காத்திருக்கிறாள். பேர் தெரிந்த ஒருவர் அதைப் பேரத்துக்கு வைக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வெட்கமெல்லாம் எங்கோ போய்விட்டது. எழுந்து, அவர் விரல்களை விரித்துக் கல்லை எடுத்துக்கொண்டேன்.

"உங்க ஸ்டாம்ப் வெள்ளிக்கிழமை ரெடியா இருக்கும் சார். வந்து வாங்கிக்கோங்க" என்றேன்.

வீட்டில் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "கல்லைக் குடுத்துட்டுப் பேரை வாங்கியிருக்கலாம்ல? அந்தம்மாக்கு வேண்டியது பேரு, கல்லு இல்லியே!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் குத்தியது. மதாம் அந்த வாரம் மூச்சிரைப்பு அதிகமாகிப் படுத்துவிட்டார். என் வீம்புக்காக அவர் பேர் தெரியாமலே போய்விட்டால்? காலையில் முதல் வேலையாக அவர் கட்டிலருகே போய் நடந்ததை எல்லாம் சொன்னேன், அரம் போட்டதையும் சேர்த்து. "நீங்க சொன்னா இப்பவே கல்லைக் குடுத்துட்டுக் கேட்டுகினு வர்றேன் மதாம்" என்றேன்.

"மோன் தியே, கடவுளே!" என்று சிரித்தார், இருமினார். "எங்கம்மாவ அலமாரியில வச்சிப் பூட்டறதுக்கா? வேணாம். வேற வழி இருக்குதா?"

வழி ஒன்று யோசித்து வைத்திருந்தேன். சீல் எதற்கு இருக்கிறது? அடிப்பதற்கு. அடித்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கல் என் கையிலேயே இருக்கும். "பெருசாக்கி என் கடை ஷட்டர்ல ஒட்டட்டுமா? உலகத்துல இருக்கறவங்க எல்லாம் இந்த ஊருக்கு வர்றாங்க. ஒருத்தராச்சும் படிக்க மாட்டாங்களா?"

மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒட்டு. இந்தத் தெருதானே அவங்களுக்கு சைகோன்காரின்னு பேர் வச்சுது? இந்தத் தெருவே பாக்கட்டும்."

ஊதா மை அதற்குச் சரிப்படாது என்று தோன்றியது. இரும்பு சீலுக்கு எண்ணெய் மை குழைக்கிற மாதிரி, குங்குமத்தை விளக்கெண்ணெயில் மைய அரைத்து, பஞ்சில் தோய்த்துக் கல்லில் ஒற்றினேன். வெள்ளைத்தாளில் அடித்து, ஜெராக்ஸ் கடையில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, ஷட்டரில் ஒட்டினேன். கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினேன்: 'இது ஒரு பெண்ணின் பெயர் என்று நம்புகிறோம். படிக்கத் தெரிந்தவர் உள்ளே வரவும்.'

ஷட்டர் பாதி இறங்கியிருக்க, குனிந்து உள்ளே போய் வேலை பார்த்தேன். கேலிக்குக் குறைவில்லை. வக்கீல் குமாஸ்தாக்கள் "இன்னாம்மா, சைனாக்காரனுக்குக் கடையைக் குடுத்துட்டியா?" என்றார்கள். நூடுல்ஸ் கடை என்று நினைத்து ஒரு குடும்பம் விலை கேட்டது. நாலாம் நாள் சார் வந்து நின்றார், ஸ்டாம்பை வாங்கிக்கொள்ள. ஷட்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"குங்குமமா?"

"குங்குமமும் விளக்கெண்ணெயும்."

"விளக்கெண்ணெய்னு யாரு சொல்லிக்குடுத்தாங்க? அங்கயும் அதுலதான் குழைப்பாங்க."

"யாரும் சொல்லிக்குடுக்கல சார். எனக்கு என் தொழில் தெரியும்."

போகும்போது குரலைத் தாழ்த்தி, "கல்லைக் குடுத்துடுங்கம்மா, இப்பவே சொல்லிட்டுப் போறேன்" என்றார். நான் அவருடைய பில்லை நீட்டினேன்.

சீனப் பெண் ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, பழைய எழுத்து, தன் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும் என்று கையை விரித்தாள். இரண்டு கொரியாப் பையன்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மதியத்தில் மதாம் வீட்டுக்குப் போனால், "யாராச்சும் வந்தாங்களா?" என்பார். "வருவாங்க மதாம்" என்பேன். எட்டாம் நாள் அவரால் அதைக் கேட்கவும் முடியவில்லை, கண்ணால்தான் கேட்டார். எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். மறுநாள் சாரிடம் போய்க் கல்லைக் கொடுத்துவிடுவது என்று மனசுக்குள் முடிவே பண்ணிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பத்தரை மணிக்கு, கல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஷட்டரை முழுதும் இறக்கினேன். இறக்கியதும் பின்னால் யாரோ சத்தமாக மூச்சு இழுத்தார்கள். வயதான கணவன் மனைவி, தைவானிலிருந்து வந்தவர்கள். தொப்பியும் முதுகுப் பையுமாக. அதுவரை பகலில் பாதித் தாள்தான் தெருவுக்குத் தெரிந்திருக்கிறது. ஷட்டர் சுருட்டிக்கொண்ட மேல்பாதி உள்ளே போய்விட்டது! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நல்லவேளை, அன்றைக்கு முழுசாக இறங்கியது.

அந்தப் பெரியவர் தூரிகை எழுத்து எழுதுகிறவராம். விரலால் காற்றில் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக் காட்டினார். பெண்ணின் பெயர்தான், குடும்பப் பெயரோடு. "எங்க ஊர்ல படிக்கிற மாதிரி வியட்நாம்ல படிக்க மாட்டாங்க" என்று அவர் மனைவி உடைந்த இங்கிலீஷில் சொல்லி, போனில் அந்த எழுத்துகளைத் தட்டி, அந்த ஊர் உச்சரிப்பைப் போட்டுக் காட்டினார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். சொல்லிச் சொல்லிப் பார்த்துத் தமிழில் எழுதிக்கொண்டேன். அவர்களுக்கு ஒரு டீகூட வாங்கித் தராமல் ஓடினேன்.

கட்டிலருகே மண்டியிட்டு மதாம் காதில் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தார், தப்பாக வந்தது, மறுபடி சொன்னார். மூன்றாம் தடவை சரியாக வந்ததும் முகத்தில் வந்தது கோபம். "இவ்ளோதானா? இதைச் சொல்லவா எங்கப்பாவுக்கும் இந்தத் தெருவுக்கும் வாய் வரலை?" என்றார். பிறகு கவுன் கையைத் தள்ளிவிட்டு மணிக்கட்டை நீட்டினார்.

குங்குமத்தைத் தொட்டு அடித்தேன். மூன்று பக்கம் உடைந்த ஓரம், ஒரு பக்கம் நேரான கோடு. அடுத்த ஐந்து நாளும் அந்தக் கையில் தண்ணீர் பட அவர் விடவில்லை.

ஆறாம் நாள் போய்விட்டார். பிரான்சிலிருந்து வந்த பிள்ளைகளிடம் மதாம் தன் கையெழுத்தில் எழுதிவைத்த காகிதத்தைக் கொடுத்தேன்: தாயின் கல்லறையிலும் தன் கல்லறையிலும் அந்த முத்திரையை அப்படியே வெட்ட வேண்டும். அவர்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

கல்வெட்டுகிறவர் தாளைப் பார்த்துவிட்டு, "மூணு பக்கம் ஒடைஞ்சிருக்குதே, அந்த ஒரு பக்கம் மாதிரி நேராக்கிடட்டாம்மா?" என்றார்.

"கை வச்சீங்கன்னா தெரியும்!" என்று கத்தினேன்.

சாரும் வந்திருந்தார், எப்படியோ கேள்விப்பட்டு. அவர் வேறு கேட்டார்: அந்த நேரான பக்கத்தையாவது பழையபடி உடைத்து வெட்டச் சொல்லக் கூடாதா, மூலம் எப்படி இருந்திருக்கும் என்று தானே வரைந்து தருவதாக. கையில் பென்சிலோடு நின்றார், பாவமாகக்கூட இருந்தது.

"வேணாம் சார். தப்பு பண்ணது நான். நான் பண்ணது அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

இப்போது இரண்டு கல்லறையிலும் அது இருக்கிறது. அந்தப் பேரை நான் இங்கே எழுதமாட்டேன். எழுபது வருஷம் யாரும் கேட்காத பேர் அது, உட்கார்ந்த இடத்தில் யாருக்கும் கிடைக்க வேண்டாம். வேண்டுமென்றால் கல்லறைக்கு நடந்து போங்கள். கீழே தமிழிலும் வெட்டியிருக்கிறது, வாய்விட்டுப் படியுங்கள். என்னிடம் இருக்கும் நாற்பத்தொரு கல்லில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, அது பொய். ஒன்று தெரியும்.